மருத்துவர் நடத்திய மாதர் இதழ்

புதுக்கோட்டை நகருக்குத் தெற்கே அரிமளம் என்னும் ஊர் உள்ளது. கண்மாய் நீரையும் வான்மழையையும் நம்பி உழவர் வாழும் நிலப்பகுதி அது. இன்று அவ்வூர்ச் சிறுமியர் புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பள்ளிக்குச் செல்வதைக் கண்டு எவரும் வியப்பதில்லை. அவர்களுள் ஒருத்தி மருத்துவம் பயில விரும்பினால் அதனை ஊரார் பெருமையாகவே பேசுவர். ஆயினும், அரிமளத்தைத் தன்னுள் கொண்டிருந்த பழைய புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில், 1904-ஆம் ஆண்டில் ஒரு பெண் கல்லூரியில் கால் வைத்தது பெரும் புதுமையாக இருந்தது. அப்பெண்ணே பிற்காலத்தில் மருத்துவராகவும், சட்டமன்றத் துணைத் தலைவராகவும், மாதர் இதழ் ஒன்றன் ஆசிரியராகவும் விளங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் ஆவார்.

அம்மையாரை மருத்துவராக நாடு நன்கு அறியும். அவர் இதழாசிரியராக ஆற்றிய பணியை அறிந்தோர் சிலரே. மருந்தும் கத்தியும் தீர்க்க இயலாத நோய்களுக்கு அவர் எழுத்தைத் துணைக்கொண்டார். ஓர் இதழ் ஒரு நாட்டின் பெண்மக்களுக்கு என்ன செய்ய முடியும், என்ன செய்ய முடியாது என்னும் இரண்டையும் அவர் வாழ்க்கையிலிருந்து நாம் அறிந்துகொள்ளலாம்.

பிறப்பும் கல்வியும்

முத்துலட்சுமி அம்மையார் 1886-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 30-ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர். புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியின் முதல்வராகப் பணியாற்றியவர். தாயார் சந்திரம்மாள்; இசை வேளாளர் மரபில் வந்தவர். சாதி வேறுபாட்டைப் பாராட்டாது செய்துகொண்ட இம்மணத்தின் பொருட்டு நாராயணசாமி ஐயரை அவருடைய உறவினர் விலக்கி வைத்தனர். ஊர் வழக்கத்துக்கு மாறாக நடப்போர் எத்தகைய விலை கொடுக்க நேரும் என்பதை, அம்மையார் தம் இளமையிலேயே கண்கூடாகக் கண்டார்.

அக்காலத்தில் பெண்ணுக்குப் பருவம் வந்தவுடன் படிப்பு நின்றுவிடுவது வழக்கம். முத்துலட்சுமிக்கோ கற்கும் ஆர்வம் அடங்கவில்லை. தந்தையார் அதற்குத் துணை நின்றார். வீட்டிலிருந்தே பாடங்களைப் பயின்று அவர் மெட்ரிகுலேஷன் தேர்வில் வெற்றி பெற்றார். அடுத்து மகாராஜா கல்லூரியில் சேர விண்ணப்பித்தார். ஆடவர் மட்டுமே பயின்ற கல்லூரி அது. பெண் ஒருத்தியைச் சேர்த்தால் மாணவர் ஒழுக்கம் குலையும் எனச் சிலர் அஞ்சினர். அவருடைய தாயாரின் குலத்தைச் சுட்டித் தடை சொன்னவரும் இருந்தனர். அந்நாளில் அரசராக இருந்த மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான், அவ்வெதிர்ப்பைப் பொருட்படுத்தாது அவரைச் சேர்த்துக்கொள்ள ஆணையிட்டார்.

கல்லூரிப் படிப்பை முடித்தபின் 1907-இல் முத்துலட்சுமி சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். பல பரிசுகளையும் பதக்கங்களையும் வென்று 1912-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். சென்னையிலிருந்த அரசாங்க மகப்பேற்று மருத்துவமனையில் முதல் பெண் ஹவுஸ் சர்ஜனாகப் பணியேற்றார். 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக மதித்தல் வேண்டும், தம் பொதுப் பணிக்குக் குறுக்கே நிற்றல் கூடாது என்பன, மணத்திற்கு உடன்படுமுன் அவர் கேட்டுப் பெற்ற உறுதிகள். அவற்றைக் கணவர் இறுதிவரை காத்தார்.

நோயின் வேர்

மருத்துவமனையில் அம்மையார் கண்ட காட்சிகள் பல. உடல் முதிராத சிறுமியர் பிள்ளைப்பேற்றுக்காகக் கொண்டுவரப்பட்டனர். தாயும் சேயும் ஒருங்கே இறப்பதும் உண்டு. ஆண் மருத்துவரிடம் நோயைச் சொல்லக் கூசி, காலம் கடந்தபின் வந்த பெண்கள் பலர். நல்ல மருத்துவர் நோயின் குறியை மட்டும் பார்ப்பதில்லை. அதன் வேரைத் தேடுவார். அம்மையார் தேடிய வேர்கள் உடலுக்குள் இல்லை. இளமை மணமும், எழுத்தறியாமையும், பெண்ணின் துயரை வீட்டுக்குள்ளேயே மறைத்துவைக்கும் வழக்கமுமே அவை.

வீட்டுக்குள் மறைந்து கிடக்கும் துயரைப் பொதுமன்றத்திற்குக் கொண்டுவருதல் வேண்டும். அதற்கு ஏற்ற கருவி ஒன்று சென்னை அடையாற்றில் ஏற்கெனவே உருவாகியிருந்தது.

மாதர் சங்கமும் அதன் இதழும்

1917-ஆம் ஆண்டு மே மாதம் 8-ஆம் நாள் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தொடங்கப்பட்டது. அயர்லாந்து நாட்டவரான மார்கரெட் கசின்ஸ் அம்மையாரும், டோரதி ஜினராஜதாச அம்மையாரும் அதற்கு முன்னின்று உழைத்தனர். அன்னி பெசண்ட் அம்மையார் தலைவரானார். அடுத்த ஆண்டாகிய 1918-இல் அச்சங்கம் தன் குரலாக ஓர் இதழை வெளியிடலாயிற்று. அதன் பெயர் ஸ்திரீ தர்மா என்பது.

பெண்களுக்கென இதழ் நடத்துவது தமிழ்நாட்டுக்கு முற்றிலும் புதிதன்று. 1865-ஆம் ஆண்டிலேயே அமிர்தவசனி என்னும் இதழ் பெண்களுக்காக வெளிவந்தது. 1905-இல் தொடங்கிய சக்கரவர்த்தினி என்னும் மாதர் இதழுக்குச் சுப்பிரமணிய பாரதியார் ஆசிரியராக இருந்தார். பெண்கல்வியின் நன்மை, குழந்தை வளர்ப்பு, குடும்பம் நடத்தும் முறை முதலியவற்றை இவ்வகை இதழ்கள் கற்பித்தன. ஸ்திரீ தர்மா அவற்றினின்று ஒருபடி முன் சென்றது. பெண்ணுக்கு அறிவுரை கூறுவதோடு அது நில்லாமல், அரசாங்கத்திற்கும் சட்டமன்றத்திற்கும் பெண்கள் கூறவேண்டியவற்றை எடுத்துரைத்தது. வீட்டை நோக்கிப் பேசிய இதழ்களுக்கு இடையே, வீட்டிலிருந்து வெளியே நோக்கிப் பேசிய இதழ் அது எனலாம்.

அதன் பெரும்பகுதி ஆங்கிலத்தில் அமைந்தது. தமிழ் முதலிய இந்திய மொழிகளிலும் சில பக்கங்கள் இடம்பெற்றன. சங்கத்தின் கிளைகள் பல ஊர்களில் செய்த பணிகளை அது வெளியிட்டது. அயல்நாட்டு மாதர் வாக்குரிமைக்காகப் போராடிய செய்திகளையும் அது தந்தது. ஓரூரில் தையலும் எழுத்தும் கற்பிக்கும் சிறு குழு ஒன்று, தன்னைப்போன்றே வேறு ஊர்களிலும் பெண்கள் கூடுகின்றனர் என்பதை அதன் வாயிலாக அறிந்தது. தனித்து நிற்பதாக எண்ணிய ஒருவருக்குத் துணையுண்டு என்று காட்டுதலே ஓர் இதழ் செய்யும் முதல் உதவி.

வாக்குரிமை

இதழும் சங்கமும் முதலில் மேற்கொண்ட பெரும் பணி வாக்குரிமைப் போராட்டமாகும். 1917-ஆம் ஆண்டு டிசம்பரில் இந்திய மந்திரி மாண்டேகு சென்னைக்கு வந்தார். அப்போது சரோஜினி நாயுடு அம்மையாரின் தலைமையில் மாதர் குழு ஒன்று அவரைக் கண்டு, ஆடவரைப் போலவே மகளிர்க்கும் வாக்குரிமை வேண்டும் எனக் கேட்டது. 1919-ஆம் ஆண்டின் அரசியல் சட்டம் அவ்வுரிமையை உடனே வழங்கவில்லை. முடிவு செய்யும் பொறுப்பை அந்தந்த மாகாணச் சட்டமன்றங்களிடம் விட்டது. சென்னைச் சட்டமன்றம் 1921-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் பெண்களுக்கு வாக்குரிமை அளிக்க இசைந்தது. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களுள் இதில் முந்தியது சென்னையே.

ஆயினும் அவ்வுரிமை எல்லாப் பெண்களுக்கும் கிட்டிவிடவில்லை. சொத்துடையோர்க்கே வாக்கு என்னும் விதி அந்நாளில் இருந்தது. தம் பெயரில் நிலமோ வீடோ உடைய பெண்கள் எத்துணைப் பேர்? ஆதலின் கதவு சற்றே திறந்ததேயன்றி, முழுதும் திறக்கவில்லை. திறந்த கதவின் வழியே முதலில் உள்ளே செல்பவர் எவர் என்னும் வினா அடுத்து எழுந்தது.

சட்டமன்றத்தில்

1925-இல் அம்மையார் அரசாங்கத்தின் உதவிநிதி பெற்று இங்கிலாந்துக்குச் சென்று, பெண்கள், குழந்தைகள் ஆகியோரின் நோய்களைப் பற்றி மேலும் பயின்றார். 1926-இல் பாரிசு நகரில் நடந்த அனைத்துலக மாதர் மாநாட்டில் இந்திய மாதர் சார்பில் கலந்துகொண்டார். அவ்வாண்டிலேயே பெண்கள் சட்டமன்ற உறுப்பினராகலாம் என்னும் நிலை ஏற்பட்டது. இந்திய மாதர் சங்கத்தின் பரிந்துரையின்பேரில் அவர் சென்னைச் சட்டமன்றத்திற்கு நியமிக்கப்பெற்றார். 1927-இல் மன்றத்தின் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இந்தியாவில் அப்பதவியை வகித்த முதற்பெண்மணி அவரே.

மருத்துவத் தொழிலையும் ஈட்டத்தையும் விட்டு அரசியலுக்கு வர அவர் முதலில் தயங்கினார். நோயாளிகளைக் கைவிடலாமா என்பது அவருடைய கவலை. ஒரு நோயாளியின் துயரைத் தீர்ப்பதினும், ஆயிரம் பெண்களை நோயாளியாக்கும் வழக்கத்தை நீக்குவது மேல் என்னும் எண்ணமே இறுதியில் வென்றது. மன்றத்தில் அவர் பேசியவை பெரும்பாலும் மருத்துவமனையில் கண்டவையே. பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவச் சோதனை வேண்டும் என்றார். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவ வசதி வேண்டும் என்றார். 1928-இல் மணவயதை உயர்த்துமாறு தீர்மானம் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டில் நாடு முழுமைக்குமாகச் சாரதா சட்டம் நிறைவேறியது. பெண்ணின் மணவயது 14 என்றும், ஆணின் மணவயது 18 என்றும் அது வரையறுத்தது.

மன்றத்தில் பேசிய பேச்சு அச்சுவரின் உள்ளேயே அடங்கிவிடக்கூடும். அதனை வெளியே கொண்டுவந்தது இதழ். சட்டமன்றத்தில் நடந்ததைப் பெண்கள் படித்தனர். சங்கக் கிளைகளில் கூடிப் பேசினர். தீர்மானங்கள் செய்து அரசாங்கத்திற்கு அனுப்பினர். அத்தீர்மானங்கள் மீண்டும் இதழில் வெளிவந்தன. மன்றத்தில் ஒரே பெண்ணாக நின்ற அம்மையாரின் பின்னே, மன்றத்திற்கு வெளியே பலர் நிற்கின்றனர் என்பதை அப்பக்கங்கள் காட்டின. கிணற்று நீரை ஏற்றம் வயலுக்குக் கொண்டுசேர்ப்பது போல, மன்றத்துப் பேச்சை நாட்டுக்குக் கொண்டுசேர்த்தது அவ்விதழ் எனலாம்.

கடினமான வழக்கு

அம்மையார் எடுத்துக்கொண்ட பணிகளுள் மிகக் கடினமானது, சிறுமியரைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்கும் முயற்சியே. தம் தாயாரின் மரபினரை நெருங்கத் தொட்ட வழக்கம் அது. ஒரு சிறுமி தன் விருப்பத்தைச் சொல்லும் வயதை எய்துமுன்பே அவளுடைய வாழ்நாள் முழுவதையும் பிறர் முடிவு செய்துவிடுவது முறையன்று என்பது அவருடைய உறுதியான கொள்கை.

1927-ஆம் ஆண்டு நவம்பரில் அவ்வழக்கத்தை நிறுத்த அரசாங்கம் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்னும் தீர்மானத்தை அவர் சட்டமன்றத்தில் கொண்டுவந்தார். மன்றம் அதனை ஏற்றது. ஆனால் வெளியே எதிர்ப்பு வலுத்தது. பழைய வழக்கத்தைப் போற்றியோர் எதிர்த்தது வியப்பன்று. அம்மரபைச் சார்ந்த பெண்களே சங்கம் கூடி எதிர்த்து முறையிட்டதுதான் கவனிக்கத்தக்கது. தம்மைக் கேளாமலே தம்மைப் பற்றிச் சட்டம் செய்வதா என்று அவர்கள் வினவினர். கோயில் மானிய நிலமே அவர்களுள் பலருக்கு வாழ்வாதாரம். பிற பெண்களுக்கு இல்லாத சொத்துரிமை அவர்களுக்கு இருந்தது. இசையும் கூத்தும் அவர்கள் வழிவழியாகக் காத்துவந்த செல்வங்கள். இவை யாவும் பறிபோகும் என அவர்கள் அஞ்சினர்.

அவ்வச்சத்தில் ஒரு பகுதிக்கேனும் அம்மையாரின் சட்டம் விடை கண்டது. 1929-இல் நிறைவேறிய இந்து அறநிலையத் திருத்தச் சட்டத்தின்படி, மானிய நிலங்கள் அப்பெண்களிடமே நிலைத்தன. அவற்றிற்கு ஈடாகக் கோயிலில் ஊழியம் செய்தாக வேண்டும் என்னும் கட்டு மட்டும் அறுபட்டது. நிலத்தைப் பறிக்காமல் தளையை அறுப்பது என்பது நுண்ணிய அறிவுடையோர் செய்யும் செயலாகும். பொட்டுக்கட்டுதலையே தடுக்கும் மசோதாவையும் அவர் முன்வைத்தார். அது சட்டமாவதற்கு 1947-ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஆசிரியப் பொறுப்பு

1930-ஆம் ஆண்டு உப்புச் சத்தியாக்கிரகத்தின்போது காந்தியடிகள் சிறைப்பட்டார். அச்செய்தி கேட்டவுடன் அம்மையார் சட்டமன்றப் பதவியைத் துறந்தார். பதவியோடு வந்த மேடையும் போயிற்று. எடுத்த பணிகளோ முடியாமல் நின்றன. அந்நிலையில் இதழே அவருக்கு மேடையாயிற்று. 1930-களின் முற்பகுதியில் ஸ்திரீ தர்மா இதழின் ஆசிரியப் பொறுப்பை அவர் ஏற்றார். 1931-இல் இலாகூரில் கூடிய அகில இந்திய மாதர் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. ஆதலின் நாட்டின் பல பகுதி மாதர் தலைவர்களோடு அவருக்குத் தொடர்பு இருந்தது.

வாக்குரிமையை விரிவாக்குதல், மகளிர்க்குச் சொத்துரிமை, பொட்டுக்கட்டும் வழக்கை ஒழித்தல், தாய் சேய் நலம் ஆகியன அக்காலத்தில் இதழில் இடையறாது பேசப்பட்டன. ஒரு கட்டுரையால் ஒரு வழக்கம் ஒழிந்துவிடாது என்பதை அம்மையார் அறிவார். மருந்தை ஒரே நாளில் முழுதும் ஊட்டிவிட இயலுமா? நாள்தோறும் அளவறிந்து கொடுத்தல் வேண்டும். இதழின் இயல்பும் அதுவே. ஒரு திங்களில் படித்து மறந்ததை மறு திங்களில் அது மீண்டும் நினைவூட்டும்.

கலைபற்றிய பெருவழக்கு ஒன்றும் அக்காலத்தில் எழுந்தது. கோயிலிலும் அவையிலும் ஆடப்பட்ட சதிர் ஆட்டத்தை மேடையேற்றலாமா என்பது குறித்து, 1932-ஆம் ஆண்டின் இறுதியில் அம்மையாருக்கும் வழக்கறிஞர் ஈ. கிருஷ்ணையருக்கும் நாளிதழ்களில் கடும் சொற்போர் நடந்தது. ஆட்டத்தைப் போற்றுவது பழைய வழக்கத்திற்கு மீண்டும் உயிரூட்டும் என்று அம்மையார் கருதினார். கலையையும் வழக்கத்தையும் பிரித்துக் காண வேண்டும் என்று கிருஷ்ணையர் வாதிட்டார். பரதநாட்டியம் என்னும் பெயரோடு அக்கலை பின்னர் நாடெங்கும் பரவியது. அதனை வழிவழியாகக் காத்த குடும்பத்துப் பெண்கள் பலருக்கோ மேடையும் வருவாயும் இல்லாது போயின. இதனை எண்ணும்போது, எதிர்த்து முறையிட்ட அப்பெண்களின் அச்சம் முற்றிலும் வீணன்று என்பது விளங்கும். சீர்திருத்தம் செய்வோர் தீமையை அறுக்கும்போது, அதனோடு பிணைந்து கிடக்கும் நன்மைக்கும் இடம் தேடித் தருதல் வேண்டும். அம்மையாரின் பெருமை இதனால் குறைந்துவிடாது. பெரிய பணிகளின் கடுமையே இதனால் புலனாகும்.

எட்டிய தொலைவும் எட்டாத தொலைவும்

ஓர் இதழின் செல்வாக்கை எங்ஙனம் அளப்பது? விற்ற படிகளை எண்ணி அளப்போமாயின் ஸ்திரீ தர்மா சிறிய இதழே. 1931-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி இந்தியப் பெண்களுள் எழுதப் படிக்க அறிந்தவர் நூற்றுக்கு மூவர் அளவே. அவர்களிலும் ஆங்கிலம் அறிந்தவர் மிகச் சிலர். அரிமளத்து வயலில் நாற்று நட்ட ஒரு பெண்ணின் கைக்கு அவ்விதழ் சென்றிருக்க வழியில்லை. சென்றிருந்தாலும் அதனைப் படித்துச் சொல்ல ஆள் கிடைப்பது அரிது.

எனினும் அப்பெண்ணின் வாழ்க்கையை அவ்விதழ் தொட்டது. அவள் மகளுக்கு மணம் செய்யும் வயதைச் சட்டம் உயர்த்தியது. பின்னாளில் அவளுக்கு வாக்குரிமை வந்தது. அந்த மாற்றங்களுக்காக வாதாடியோர் ஒருவரையொருவர் அறிந்ததும், ஒருவர் கருத்தை மற்றவர் செம்மை செய்ததும் அவ்விதழின் பக்கங்களில்தான். படிப்போர் சிலராயினும் அவர்கள் ஆசிரியைகளாகவும், மருத்துவர்களாகவும், சங்கங்களை நடத்துவோராகவும் இருந்தனர். விதை நெல் அளவில் சிறிது. ஆனால் அதிலிருந்தே வயல் முழுவதும் விளைகிறது.

எட்டாத தொலைவை வேறு சிலர் எட்டினர். முறையான பள்ளிப் படிப்பே இல்லாத வை. மு. கோதைநாயகி அம்மாள் 1925-இல் ஜகன்மோகினி என்னும் தமிழ் இதழை ஏற்று நடத்தலானார். அதில் வந்த தொடர்கதைகள் தமிழ்ப் பெண்களின் அடுக்களை வரை சென்றன. ஒருவர் படிக்கப் பலர் சூழ இருந்து கேட்பது அந்நாளைய வழக்கம். பொட்டுக்கட்டும் வழக்கத்தின் கொடுமையை அம்மரபிலேயே பிறந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் மேடைதோறும் எளிய தமிழில் எடுத்துரைத்தார். 1936-இல் அதனை நாவலாகவும் எழுதினார். சட்டமன்றத்தை அசைக்க ஆங்கில இதழ் உதவியது. ஊராரின் உள்ளத்தை அசைக்கத் தமிழ்ச் சொல்லே வேண்டியிருந்தது. இரண்டும் ஒன்றற்கொன்று துணையாயின.

ஸ்திரீ தர்மா 1936-ஆம் ஆண்டோடு நின்றது. 18 ஆண்டுகள் ஓர் இதழுக்கு நீண்ட வாழ்நாள் அன்று. ஆனால் அது தொடங்கியபோது பெண்ணுக்கு வாக்கில்லை, சட்டமன்றத்தில் இடமில்லை, அவளுடைய மணவயதைக் காக்க நாடு தழுவிய சட்டமும் இல்லை. அது நின்றபோது இம்மூன்றும் ஒரளவேனும் கைகூடியிருந்தன. எழுத்தறியாமை என்னும் பெருந்தடை மட்டும் பின்வந்தோர்க்கு எஞ்சிற்று. அம்மையார் பிறந்த புதுக்கோட்டை மாவட்டத்திலேயே 1991-இல் அறிவொளி இயக்கம் எழுந்து, சிற்றூர்ப் பெண்கள் பல்லாயிரவர்க்கு எழுத்தையும், அதனோடு மிதிவண்டி ஓட்டவும் கற்பித்தது. வயலிலும் கல்லுடைக்கும் தொழிலிலும் உழைத்த பெண்கள் மாலையில் கூடிப் படித்தனர். தாமே மிதிவண்டியில் சென்று வந்தனர். இதழைப் படிக்கக் கண்ணும், வேண்டிய இடத்துக்குச் செல்லக் காலும் அவர்களுக்கு ஒருங்கே கிடைத்தன.

எழுத்திலிருந்து செயல்

எழுதுவதோடு தம் கடமை முடிந்ததென அம்மையார் கருதவில்லை. 1930-ஆம் ஆண்டில், பொட்டுக்கட்டும் வழக்கத்திற்கு அஞ்சித் தப்பிய இளம்பெண்கள் சிலர் அவர் வீட்டுக் கதவைத் தட்டினர். அவர்களைச் சேர்த்துக்கொள்ள விடுதிகள் மறுத்தன. சட்டம் வேண்டும் என்று எழுதிய கை, அவர்களுக்குச் சோறும் இடமும் அளிக்கத் தயங்கவில்லை. அம்மையார் அவர்களைத் தம் வீட்டிலேயே தங்கவைத்தார். அங்ஙனம் தோன்றியதே ஔவை இல்லம். பின்னர் அடையாற்றில் நிலைபெற்று, ஆதரவற்ற பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் கல்வியும் காப்பும் அளித்துவந்தது. அறிவால் உலகம் போற்றிய தமிழ் மூதாட்டியின் பெயரை அவ்வில்லத்திற்கு இட்டது எவ்வளவு பொருத்தம்!

அவருடைய இளைய சகோதரி சுந்தரம்பாள் 1923-இல் புற்றுநோயால் இறந்தார். மருத்துவராயிருந்தும் உடன்பிறந்தாளைக் காக்க இயலவில்லையே என்னும் துயர் அம்மையாரின் உள்ளத்தில் ஆறாது நின்றது. புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை ஒன்று வேண்டும் என்று அவர் நெடுங்காலம் வாதாடினார். தீராத நோய்க்கு மருத்துவமனை எதற்கு எனக் கேட்டவர் உண்டு. அவர் சோரவில்லை. இந்திய மாதர் சங்கத்தின் வாயிலாகவே நிதி திரட்டினார். 1952-இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்ட, 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவ நிலையம் திறக்கப்பட்டது. 12 படுக்கைகளோடு தொடங்கிய அது, பின்னர் நாடறிந்த பெருநிலையமாக வளர்ந்தது. இதழின் வழியே ஒருங்கு சேர்ந்த சங்கமே இம்மருத்துவமனைக்கும் தோள் கொடுத்தது என்பது நினைவில் வைக்கத்தக்கது.

நிலைத்த புகழ்

1956-இல் இந்திய அரசு அம்மையாருக்குப் பத்மபூஷண் விருதளித்துச் சிறப்பித்தது. 1968-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 22-ஆம் நாள், தம் எண்பத்திரண்டாம் வயது நிறைவதற்குச் சில நாள்களே இருக்கும்போது அவர் மறைந்தார். ஏழைத் தாய்மாருக்கு மகப்பேற்றுக் காலத்தில் தமிழ்நாடு அரசு வழங்கும் நிதியுதவித் திட்டம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

கல்லூரி வாயிலில் ஒரு பெண் நின்றபோது அவளைத் தடுக்க முயன்றோர் பலர். அவளுடைய கல்வியால் பயனடைந்தோர் அவர்களினும் பல்லாயிரம் மடங்கினர். தாம் பெற்ற கல்வியை அம்மையார் தம் நலத்திற்கென வைத்துக்கொள்ளவில்லை. மருத்துவமனையில் கண்டதை மன்றத்தில் பேசினார்; மன்றத்தில் பேசியதை இதழில் எழுதினார்; இதழில் எழுதியதை வாழ்க்கையில் செய்துகாட்டினார். சொல்லும் எழுத்தும் செயலும் இங்ஙனம் ஒன்றுபடும்போதுதான் ஓர் இதழின் செல்வாக்கு அதன் தாள் கிழிந்து மறைந்த பின்னும் நிலைத்து நிற்கிறது.

ஆதலின், எழுதும் ஆற்றல் வாய்ந்தோர் அதனைக் கொண்டு எவருடைய துயரை வெளியுலகுக்கு எடுத்துச் சொல்லலாம் என எண்ணுதல் வேண்டும். படிக்கும் வாய்ப்புப் பெற்றோர், அவ்வாய்ப்பைப் பெறாத ஒருவருக்கேனும் தாம் படித்ததைப் படித்துச் சொல்லுதல் வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி அம்மையாரின் வாழ்வு நமக்கு விட்டுச்சென்ற பாடம் இதுவே.